டெட்ராமர் குப்பி: டி செல் எதைப் பார்க்கிறது என்று காட்டும், என்ன செய்யும் என்று சொல்லாது

நோய் எதிர்ப்புச் செல்களில் ஒருவகையான டி செல்லைப் பற்றிய வேலைக்கு வாங்கும் பொருள்களில் பெப்டைடு–எம்.எச்.சி. டெட்ராமர் (குறிப்பிட்ட ஒரு புரதத் துண்டை அடையாளம் காணும் டி செல்களில் ஒட்டி அவற்றை ஒளிரச் செய்யும் பொருள்) அளவுக்குப் பாராட்டும் திட்டும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வது வேறு எதுவும் இல்லை. ஒரு லேபில் பளிச்சென்று தனிக்கூட்டமாக நிற்கும் செல்கள், அடுத்த லேபில் அதே குப்பியைக் கொண்டு பார்த்தால் புகைமூட்டமாகக் கலைந்து கிடக்கும். பெரும்பாலான சமயம் குப்பியில் குறை இருக்காது, கையாண்ட விதத்தில்தான் இருக்கும். அதனால் எந்தக் கம்பெனியின் குப்பியாக இருந்தாலும் பொருந்தும்படி, இந்தப் பொருளையே எடுத்து அலசுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரத்தம் கொடுத்தவரின் எச்.எல்.ஏ. (மனிதரில் எம்.எச்.சி.க்கு உள்ள பெயர்) வகை துல்லியமாகத் தெரியும், எந்தப் பெப்டைடைத் (புரதத் துண்டைத்) தேடுகிறீர்கள் என்பதும் தெரியும், கையில் போதுமான செல்களும் இருக்கின்றன என்றால், ஆன்டிஜெனை அடையாளம் காணும் டி செல்களை எண்ணுவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எலிஸ்பாட் (செல்கள் சுரப்பதைப் புள்ளிகளாகக் காட்டும் சோதனை) பக்கம் போவது நல்லது. அந்தச் செல்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், டெட்ராமர் மட்டும் போதவே போதாது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

ஆன்டிபாடி, ஆன்டிஜெனை அப்படியே முழுசாகப் பிடிக்கும். டி செல் அப்படிப் பிடிக்காது. வேறொரு செல் அந்தப் புரதத்தை நறுக்கி, துண்டை எம்.எச்.சி. மூலக்கூறின் பள்ளத்தில் வைத்துக் காட்டினால்தான் டி செல்லின் ஏற்பிக்கு அது தெரியும். துண்டையும் எம்.எச்.சி.யையும் சேர்த்தே டி செல் பார்க்கிறது என்று 1974-இல் கான்பெராவில் காட்டிய ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் பீட்டர் டோஹர்ட்டிக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது. பமேலா பியோர்க்மனும் சக ஆய்வாளர்களும் 1987-இல் எச்.எல்.ஏ.-ஏ2 மூலக்கூறின் வடிவத்தை வெளியிட்டபோது பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது: அடியில் தட்டையான தளம், இரு பக்கமும் சுருள் கரைகள், நடுவே பெப்டைடு. டி செல்லின் ஆல்ஃபா-பீட்டா ஏற்பியின் முதல் இரண்டு வளையங்கள் பெரும்பாலும் அந்தக் கரைகளைத் தொடும். மூன்றாவது வளையம், சி.டி.ஆர்.3, பெப்டைடின் மேலேயே உட்காரும். செல்லுக்குச் செல் மிக அதிகமாக மாறுபடுவது அந்த மூன்றாவது வளையம்தான்.

அப்படியானால் பெப்டைடு ஏற்றிய எம்.எச்.சி.யைக் கரைசலில் செய்து, ஒரு நிறமியை ஒட்டி, டி செல்கள்மேல் ஊற்றினால் போதாதா? போதாது. தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏற்பிக்கும் எம்.எச்.சி.க்கும் உள்ள பிடிப்பு மிகப் பலவீனமானது. பிரியும் மாறிலி (எண் பெரிதானால் பிடிப்பு பலவீனம்) பொதுவாக 1 முதல் 100 மைக்ரோமோலார் வரை இருக்கும். நல்ல ஆன்டிபாடிகள் நானோமோலார் அளவிலேயே பிடித்துவிடும். அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒற்றை எம்.எச்.சி. வந்து உட்கார்ந்தால் சில நொடிகளில் கழன்றுவிடும், முதல் வாஷிலேயே எல்லாம் போய்விடும். விலாங்கு மீனை ஒரு விரலால் பிடிக்கிற கதைதான்.

1996-இல் ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் குழுவினர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட தீர்வு எளிமையானது. எம்.எச்.சி.யின் பெரிய பகுதியான கன சங்கிலியின் வால் முனையில் 15 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு தொடரைச் சேர்த்தார்கள். பிர்ஏ என்ற நொதி அதில் ஒரே ஒரு பயோட்டினை ஒட்டும். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்குப் பயோட்டினைப் பிடிக்க நான்கு இடம் உண்டு. நான்கு எம்.எச்.சி.யும் நிறமி ஒட்டிய ஒரே ஸ்ட்ரெப்டாவிடினில் தொங்க, அவற்றில் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் ஒரு டி செல்லைத் தொடும். ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும், கழன்றதும் திரும்பி வந்து ஒட்டும். டெட்ராமர் என்பது இவ்வளவுதான். இனி சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்துக்கே வந்து நிற்கும்: அடிப்படைப் பிடிப்பு பலவீனம், அதை எண்ணிக்கையால் ஈடுகட்டியிருக்கிறோம்.

செய்முறையைத் தெரிந்துவைத்திருப்பது வாங்குபவருக்கும் உதவும். கன சங்கிலியும் 12 கிலோடால்டன் எடையுள்ள பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் கட்டியாகக் குவியும். யூரியாவில் கரைத்து, பெப்டைடோடு சேர்த்து, குளிரில் மெதுவாக மடியவிட வேண்டும். பெப்டைடு இல்லாமல் இந்த மூலக்கூறு நிற்காது, அவிழ்ந்துவிடும். பள்ளத்தில் இறுக்கமாக உட்காராத பெப்டைடைக் கொடுத்து டெட்ராமர் செய்து தரச் சொன்னால், வந்து சேரும் குப்பியில் பாதி அவிழ்ந்த புரதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கடைசியில் நிறமி ஒட்டிய ஸ்ட்ரெப்டாவிடினைச் சேர்க்கும்போது மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றக்கூடாது. பத்துப் பங்காகப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு பங்காக விட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நாலு இடமும் நிரம்பாத ஸ்ட்ரெப்டாவிடின்கள் நிறைய உருவாகும். ஒற்றைக்கையும் இரட்டைக்கையுமாக இருக்கும் அவற்றால் மீனைப் பிடிக்க முடியாது.

ஆர்டர் கொடுக்கும்போது

படிவத்தில் அதிகம் சறுக்கும் இடம் எச்.எல்.ஏ. "ஏ2 பாசிட்டிவ்" என்பது போதாது. பிபி7.2 ஆன்டிபாடியால் பார்த்து ஏ2 என்று குறித்த ஒருவர் ஏ*02:01 ஆகவும் இருக்கலாம், ஏ*02:06 ஆகவும் இருக்கலாம், ஏ*02:07 ஆகவும் இருக்கலாம். ஆன்டிபாடிக்கு அவை ஒன்றுபோலத் தெரியும். பள்ளத்தின் உள்ளே சில அமினோ அமிலங்கள் மாறினால் ஏறும் பெப்டைடே மாறிவிடும். நான்கு இலக்க வகை தெரியாமல் டெட்ராமர் ஆர்டர் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவதுதான்.

பெப்டைடைத் தேர்வு செய்ய ஏ*02:01-ஐயே எடுத்துக்கொள்வோம். இதன் பள்ளம் பெரும்பாலும் 9 அமினோ அமிலத் துண்டை விரும்பும். இரண்டாம் இடத்தில் லூசின் அல்லது மெத்தியோனின், ஒன்பதாம் இடத்தில் வாலின் அல்லது லூசின் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். சைட்டோமெகலோ வைரஸின் பிபி65 புரதத்தில் 495 முதல் 503 வரையுள்ள துண்டு இதற்கு அச்சு அசலான உதாரணம்: என்-எல்-வி-பி-எம்-வி-ஏ-டி-வி. இரண்டாவது எல், ஒன்பதாவது வி. இரு முனைகளும் பள்ளத்தின் குழிகளில் ஆணி அடித்தாற்போல் இறங்க, நடுவில் உள்ளவை மேலே புடைத்து டி செல் ஏற்பியைப் பார்க்கும். புதிதாக டெட்ராமர் வேலை தொடங்குபவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதுதான். வைரஸ் தொற்றிய ஏ*02:01 ஆட்கள் பலரிடம் நன்றாகத் தெரியும் கூட்டம் கிடைக்கும். உங்கள் செய்முறை சரியா என்பதை இதில் சோதித்துவிட்டு, பிறகு அரிதான பெப்டைடுக்குப் போங்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸின் ஜி-எல்-சி-டி-எல்-வி-ஏ-எம்-எல் துண்டும் நல்லதே. ஆனால் அதில் சிஸ்டீன் இருக்கிறது. அது ஆக்சிஜனேறும் என்பதால், பெப்டைடைத் தனியாக வாங்கி எலிஸ்பாட்டிலும் பயன்படுத்துகிறவர்கள் சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைக்க வேண்டும்.

நிறமி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரகாசமான பி.இ. அல்லது ஏ.பி.சி. நிறமியை எடுங்கள். எஃப்.ஐ.டி.சி. ஒட்டிய டெட்ராமரை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். டி செல்லில் ஒட்டும் டெட்ராமர்களின் எண்ணிக்கை குறைவு, அதில் மங்கலான நிறமியும் சேர்ந்தால் இருக்கிற செல்லும் மறைந்துவிடும். செல்களின் நிற ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்குப் பேனல் (எந்த மூலக்கூறுக்கு எந்த நிறமி என்ற பட்டியல்) போடும்போது மிகப் பிரகாசமான சேனலை டெட்ராமருக்கு ஒதுக்கிவிட்டு, சி.டி.8 (கொல்லும் டி செல்லின் அடையாளம்) போன்ற எக்கச்சக்கமாக இருக்கும் மூலக்கூறுக்கு மங்கலான நிறமியைக் கொடுங்கள்.

நிறைய பெப்டைடுகளைத் தேட வேண்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி வாங்குவது கட்டுப்படியாகாது. புற ஊதா ஒளியில் அறுபடும் தற்காலிகப் பெப்டைடு ஏற்றிய மோனோமரை (ஒற்றை எம்.எச்.சி.யை) வாங்கி, தேவையான பெப்டைடை அதிகமாகக் கலந்து, 366 நானோமீட்டர் ஒளியில் ஒரு மணி நேரம் வைத்தால் பழையது அறுந்து புதியது உட்காரும். இதோடு இரண்டு நிறக் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெப்டைடுக்கும் இரண்டு நிறம் என்று கொடுத்தால் 8 நிறங்களில் 28 ஜோடிகள் கிடைக்கும், ஒரே ட்யூபில் 28 கேள்விகள் கேட்கலாம். இரு நிறத்திலும் ஒளிரும் செல்லை மட்டும் எண்ணுவதால் பின்னணி இரைச்சலும் வெகுவாகக் குறையும். நிறத்துக்குப் பதில் டி.என்.ஏ. பார்கோடு ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளை ஒரே மாதிரியில் தேடும் முறை 2016-லேயே வந்துவிட்டது. ஆனால் சாதாரண லேபுக்கு இரு நிற முறையே தாராளம்.

ட்யூபில் நடப்பது

குப்பியை 4 டிகிரியில், இருட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் செத்தது. பி.இ.யும் ஏ.பி.சி.யும் பெரிய புரதங்கள், உறைந்து உருகினால் கெட்டுவிடும். (நிறமி சேர்க்காத மோனோமரை மட்டும் மைனஸ் 80-இல் வைக்கலாம்.) எடுக்கும் முன் குப்பியை 4 டிகிரியில் வேகமாக ஐந்து நிமிடம் ஸ்பின் செய்து மேல் திரவத்தை மட்டும் எடுங்கள். அடியில் சேர்வது ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகள். அவை எந்தச் செல்லிலும் ஒட்டி, படத்தில் நட்சத்திரம் தெளித்தாற்போல் போலிப் புள்ளிகளைத் தரும். "டெட்ராமர் அழுக்காக இருக்கிறது" என்ற புகாரில் பெரும்பகுதி இந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்ததால் வருவது.

ஒன்று முதல் இரண்டு மில்லியன் பி.பி.எம்.சி.யை (ரத்தத்திலிருந்து பிரித்த ஒற்றைக்கரு வெள்ளைச் செல்களை) 50 முதல் 100 மைக்ரோலிட்டரில் எடுத்து, 50 நானோமோலார் டாஸாட்டினிப் சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் வைக்கவும். இது ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துதான். இங்கே இதற்கு வேறு வேலை. டெட்ராமர் ஏற்பியைப் பிடித்தவுடன் எல்.சி.கே. நொதி கிளம்பும், சமிக்ஞை போகும், ஏற்பி உள்ளே இழுக்கப்படும். எல்.சி.கே.யை டாஸாட்டினிப் அடக்கிவிடுவதால் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலேயே நிற்கும். பிடிப்பு பலவீனமான ஏற்பியுள்ள செல்களில் இதன் பலன் அதிகமாகத் தெரியும். கழுவாமல் அப்படியே டெட்ராமரைச் சேர்க்கலாம். 37 டிகிரியில் 15 நிமிடமோ, அறை வெப்பத்தில் 30 நிமிடமோ போதும்.

அளவைப் பொறுத்தவரை, குப்பியோடு வரும் தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் செல், உங்கள் கொள்ளளவு, உங்கள் கருவி ஆகியவற்றில் இரண்டு மடங்கு இடைவெளியில் ஐந்தாறு செறிவுகளைப் போட்டுப் பாருங்கள். அதிகப் பிரகாசம் தரும் செறிவு சரியான செறிவாக இருக்க வேண்டியதில்லை. பாசிட்டிவ் கூட்டத்துக்கும் நெகட்டிவ் கூட்டத்துக்கும் இடைவெளி எதில் அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

டெட்ராமர் போன பிறகுதான் சி.டி.3, சி.டி.8 ஆன்டிபாடிகளை விட வேண்டும், அதுவும் பனியில். வரிசை மாறினால் விளைவும் மாறும். சி.டி.8 செல்லுக்குத் துண்டைக் காட்டும் கிளாஸ் 1 எம்.எச்.சி.யின் ஆல்ஃபா-3 பகுதியை சி.டி.8 பிடித்து டெட்ராமருக்குத் துணைக்கை கொடுக்கிறது. சில சி.டி.8 ஆன்டிபாடி குளோன்கள் முதலில் போய் அந்தக் கையை மடக்கிவிடும். இன்னும் சில அதை வலுப்படுத்தவும் செய்யும். எந்த குளோன் வாங்கினீர்கள் என்பதைக் குறித்துவைத்து, பாதி ஆய்வில் மாற்றாமல் இருங்கள்.

சி.டி.8-இன் இந்தத் துணை ஒரு கத்தியாகவும் பயன்படும். ஆல்ஃபா-3 பகுதியில் 227, 228 ஆகிய இரு இடங்களைத் திருத்தி, சி.டி.8 பிடிக்காதபடி செய்த டெட்ராமரும் உண்டு. அதில் ஒட்டும் செல்கள், துணையின்றியே பிடிக்கும் அளவுக்கு வலுவான ஏற்பி உள்ளவை. சாதாரண டெட்ராமரையும் இதையும் அடுத்தடுத்த ட்யூபில் போட்டால், ஒரே பெப்டைடைப் பார்க்கும் செல்களில் கூர்மையானவை எவை, மந்தமானவை எவை என்று பிரித்துவிடலாம். இவ்வளவு பயனுள்ள பொருளை இவ்வளவு குறைவான பேர் வாங்குவது வருத்தமாகவே இருக்கிறது.

இறந்த செல் எல்லாவற்றையும் உறிஞ்சும், எனவே உயிர்-சாவுச் சாயம் கட்டாயம். புரதத்தோடு வினைபுரியும் வகைச் சாயமென்றால் சீரம் இல்லாத உப்புக் கரைசலில் போடுங்கள். சீரம் இருந்தால் சாயத்தை அதுவே தின்றுவிடும். மோனோசைட்டின் அடையாளமான சி.டி.14, பி செல்லின் அடையாளமான சி.டி.19 இரண்டையும் அதே சேனலில் போட்டு மொத்தமாக ஒதுக்குங்கள். மோனோசைட்டிலும் பி செல்லிலும் உள்ள எல்.ஐ.எல்.ஆர்.பி.1 என்ற ஏற்பி, பெப்டைடு எதுவாக இருந்தாலும் கிளாஸ் 1 எம்.எச்.சி.யைப் பிடிக்கும். டெட்ராமரையும் விடாது. அந்தச் செல்களை ஒதுக்காமல் வரையும் கேட் (படத்தில் ஒரு செல்கூட்டத்தைப் பிரிக்கும் எல்லை) நம்பத் தகுந்ததல்ல. அதே ட்யூபில் பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியும் சேர்க்கக்கூடாது. டெட்ராமரின் ஸ்ட்ரெப்டாவிடினில் காலி இடம் இருந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரு நிற முறையில் தனி பயோட்டினைச் சேர்த்துக் காலி இடங்களை முன்பே அடைத்துவிடுவதும் இதனால்தான்.

கடைசியில் 1 முதல் 2 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி 24 மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். செல்லுக்குள் பாஸ்போ-புரதம் பார்க்க மெத்தனால் ஊற்றும் முறை மட்டும் இங்கே கூடாது, பி.இ.யும் ஏ.பி.சி.யும் சிதைந்துவிடும்.

எண்ணிக்கை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலையில் எடுபடாது. ஒரு மில்லியன் பி.பி.எம்.சி.யில் சி.டி.8 டி செல்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்று வையுங்கள். நீங்கள் தேடும் கூட்டம் அதில் 0.01 சதவீதம் என்றால் 20 செல்கள். வாஷிலும் கேட்டிலும் பாதி போனால் 10. அதே நேரம் பொருந்தாத டெட்ராமர் போட்ட கட்டுப்பாட்டு ட்யூபிலும் நாலைந்து புள்ளிகள் விழுந்திருக்கும். 10-க்கும் 5-க்கும் இடையே யாராலும் நேர்மையாகக் கோடு போட முடியாது. 10 மில்லியன் செல்லோடு தொடங்கினால் தேடும் கூட்டத்தில் 100, கட்டுப்பாட்டில் 50. பின்னணியின் விகிதம் குறையவில்லை என்றாலும், இது தற்செயல் அல்ல என்று சொல்லும் தைரியம் வரும். பொருந்தாத எச்.எல்.ஏ. உள்ள ஒருவரின் செல்லிலும் அதே டெட்ராமரைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுப்பாடு இல்லாத முடிவை யாரும் ஏற்க வேண்டியதில்லை.

ஆன்டிஜெனை இதுவரை சந்திக்காத புதிய டி செல்களைத் தேடுவது இன்னும் கடினம். எலியின் உடலில் ஒரு பெப்டைடைப் பார்க்கும் புதிய சி.டி.4 (உதவும் டி) செல்கள் மொத்தமாகவே 20 முதல் 200 வரைதான் என்று மார்க் ஜென்கின்ஸ் குழு 2007-இல் எண்ணிக் காட்டியது. எலியின் மண்ணீரலையும் நிணநீர் முடிச்சுகளையும் மொத்தமாக எடுத்து, டெட்ராமர் போட்டு, அதன் நிறமியைப் பிடிக்கும் காந்த மணிகளால் இழுத்துச் செறிவாக்கியதால்தான் அந்த எண் கிடைத்தது.

இதற்கு நேர் எதிர்முனை தீவிரத் தொற்று. டெட்ராமர் வருவதற்கு முன், செல்லை நீர்த்து வளர்த்து எண்ணும் பழைய முறையில் வைரஸுக்கு எதிரான டி செல்கள் சொற்பமாகத் தெரிந்தன. பெருகிய மற்றவை வெறும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்தார்கள். 1998-இல் எல்.சி.எம்.வி. என்ற வைரஸ் தொற்றிய எலிகளில் முரளி-கிருஷ்ணா, ரஃபி அகமது குழு டெட்ராமரால் எண்ணியபோது, எட்டாம் நாளில் செயலூக்கம் பெற்ற சி.டி.8 செல்களில் 50 முதல் 70 சதவீதம் வைரஸையே பார்ப்பவை என்று தெரிந்தது. இந்தப் பொருளுக்கு நாம் கொடுக்கும் மதிப்பில் பெரும்பங்கு அந்த ஒரு திருத்தத்துக்கே உரியது.

சொல்லாத பாதி

ஏற்பி பெப்டைடைப் பார்ப்பது முதல் சமிக்ஞை மட்டுமே. பள்ளத்தில் துண்டைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல், சி.டி.80, சி.டி.86 ஆகியவற்றால் டி செல்லின் சி.டி.28-ஐயும் தட்டினால்தான் இரண்டாம் சமிக்ஞை. ஐ.எல்.-12 போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் சுரக்கும் சேதிப் புரதங்கள்) எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும். அதோடு சி.டி.4 டி செல், தன் சி.டி.40 லிகண்டால் அதே டென்ட்ரைட்டிக் செல்லின் சி.டி.40-ஐத் தொட்டு, சி.டி.8 செல்களை முழுதாக எழுப்பும் தகுதியை அதற்கு வாங்கித் தருகிறது. டெட்ராமர் காட்டுவது முதல் சமிக்ஞைக்கான தகுதி மட்டும். மற்றவை நடந்ததா, எவ்வளவு நடந்தது என்று அதற்குத் தெரியாது.

இது வெறும் தத்துவக் குறை இல்லை. நீடித்த எல்.சி.எம்.வி. தொற்றில், சி.டி.4 உதவி இல்லாத எலிகளில், டெட்ராமருக்குப் பாசிட்டிவாக நின்ற சி.டி.8 செல்கள் கொல்லவும் இல்லை, இன்டர்ஃபெரான்-காமா சுரக்கவும் இல்லை என்று 1998-லேயே காட்டினார்கள். ஆள் இருக்கிறார், வேலை நடக்கவில்லை. இப்படித் தளர்ந்த செல்களில் பி.டி.-1 என்ற தடை ஏற்பி அதிகமாக இருப்பதும், அதன் வழியை அடைத்தால் ஓரளவு எழுந்துவருவதும் 2006-இல் தெரிந்தது. ஆகவே டெட்ராமரை வாங்கினால், அதே பேனலில் பி.டி.-1, சி.சி.ஆர்.7, சி.டி.45ஆர்.ஏ., சி.டி.38 ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். இந்தச் செல் நினைவுச் செல்லா, இப்போதுதான் விழித்ததா, களைத்ததா என்பதை அந்த நான்கும் பெருமளவு சொல்லிவிடும்.

வேலையை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் எலிஸ்பாட். ஒரு குழிக்கு 2 முதல் 3 லட்சம் செல், 15 அமினோ அமிலப் பெப்டைடுகள், அடுத்தடுத்தவை 11 அமினோ அமிலம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, ஒவ்வொன்றும் மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், 18 முதல் 24 மணி நேரம். எச்.எல்.ஏ. வகை தெரிய வேண்டாம். தட்டை இன்குபேட்டரில் வைத்த பிறகு அசைக்காமல் இருந்தால் போதும், அசைந்தால் புள்ளிகள் வால் முளைத்துக் கலங்கிவிடும். ஆனால் சுரந்தது எந்தச் செல், அதன் முகம் எப்படி என்று எலிஸ்பாட்டுக்குத் தெரியாது. டெட்ராமரும் எலிஸ்பாட்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். டெட்ராமரில் 1 சதவீதம் இருந்து எலிஸ்பாட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால், அந்த இடைவெளிதான் உங்கள் கண்டுபிடிப்பு.

இரண்டையும் ஒரே செல்லில் பார்க்க ஆசைப்பட்டு, பெப்டைடு கொடுத்து ஆறு மணி நேரம் தூண்டிய பிறகு டெட்ராமர் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தூண்டப்பட்ட செல் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், டெட்ராமருக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. நன்றாக வேலை செய்த செல்லே கண்ணிலிருந்து மறையும். டெட்ராமரை முதலில் போட்டு, பிறகு தூண்டி, சுரப்பை வெளியே விடாமல் தடுக்கும் ப்ரெஃபெல்டின் ஏ சேர்த்து, உள்ளே சேரும் சைட்டோகைனைப் பாருங்கள். இந்த வரிசையில் மட்டும் டாஸாட்டினிப் கூடாது, அது தூண்டுதலையே நிறுத்திவிடும்.

மறுபக்கமும் உண்டு. செல்லைத் தூண்டப் போதுமான பிடிப்பு, டெட்ராமர் ஒட்டி நிற்கப் போதுமானதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு செல்லில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெப்டைடு–எம்.எச்.சி. இருந்தாலே டி செல் விழித்துக்கொள்ளும். டெட்ராமரோ வாஷைத் தாண்டி நிற்க வேண்டும். புற்றுநோயிலும் தன்னெதிர்ப்பு நோய்களிலும் ஏற்பிகளின் பிடிப்பு குறைவாக இருப்பது வழக்கம். அங்கே "டெட்ராமர் நெகட்டிவ்" என்றால் செல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். டாஸாட்டினிப், டெட்ராமர் ஒட்டிய பின் அதன் நிறமியைப் பிடித்துக் கோத்துவைக்கும் ஆன்டி-பி.இ. ஆன்டிபாடி, டெக்ஸ்ட்ரான் முதுகெலும்பில் இன்னும் அதிக எம்.எச்.சி. தொங்கும் டெக்ஸ்ட்ராமர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம்.

கிளாஸ் 2 டெட்ராமர்

சி.டி.4 செல்லுக்கான கிளாஸ் 2 டெட்ராமரை அதே நம்பிக்கையோடு வாங்க வேண்டாம். இதன் பள்ளம் இரு முனையும் திறந்தது. 13 முதல் 18 அமினோ அமிலம் நீளமான துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும், உள்ளே பிடிபடுவது நடுவில் உள்ள 9 மட்டும். அதே பெப்டைடு ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தால் டி செல்லுக்கு அது வேறு ஆன்டிஜென். சி.டி.8 கொடுக்கும் துணைக்கை இங்கே கிடையாது, கிளாஸ் 2 எம்.எச்.சி.யோடு சி.டி.4-இன் பிடிப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே 15 நிமிடம் போதாது, 37 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். வெறுமனே ஏற்றிய பெப்டைடைவிட, பீட்டா சங்கிலியின் முனையில் இணைப்புத் தொடரோடு கட்டிவைத்த பெப்டைடு நிலையாக நிற்கும், ஆர்டரில் அதையே கேளுங்கள். கட்டுப்பாட்டுக்கு, கிளிப் பெப்டைடு (செல்லுக்குள் கிளாஸ் 2-இன் பள்ளத்தை முதலில் அடைத்திருக்கும் துண்டு) ஏற்றிய அதே எச்.எல்.ஏ. வகை டெட்ராமரை, அதே நிறமியில், அதே செறிவில், அதே நாளில் போட வேண்டும். வேறு தொகுதியில் வந்த கட்டுப்பாட்டுக் குப்பியின் நிறமி விகிதம் வேறாக இருக்கும், கேட்டின் கோடும் அதற்கேற்ப நகர்ந்துவிடும். இரண்டு குப்பிகளையும் ஒரே தொகுதியிலிருந்து அனுப்ப விற்பவர் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.